செக்போஸ்ட் அக்கா

தரையில் ஒட்டியிருந்த அந்த வெள்ளை நாடாவின் நீளம் மூன்று மீட்டர். ஒரு முறை ஒட்டியது, எட்டு மாதமாக அங்கேயே கிடந்தது. ஆனாலும் அந்த அம்மா அறையைத் திறந்ததும் முதல் வேலையாக முட்டி போட்டு அதை அளப்பார். ஒரு டேப்பால் அளந்துவிட்டு, கைப்பையிலிருந்து இன்னொரு டேப்பை எடுத்து மறுபடியும் அளப்பார்.

"ஒட்டுன நாடா எங்க போயிரப் போகுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போகாதுங்கய்யா. கூட்டற அம்மா தொடப்பத்துல இழுத்து வச்சிருந்தா?"

"சரி, ரெண்டு டேப்பு எதுக்கு?"

"ஒண்ணு நீண்டு போயிருந்தா?"

இரண்டுமே நீண்டு போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவது டேப் வாங்கியிருப்பார்.

அவர் எங்கள் ஊர்ப் பெண்கள் கபடிக் குழுவுக்கு வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட். நாற்பதைத் தாண்டியவர். ஊர் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. 'ங்க' போடாமல் ஒரு பேச்சையும் முடிக்க மாட்டார். ஒருவரை அவ்வளவு மரியாதையாக நம்பாமல் இருக்க முடியும் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "நம்பறனுங்க. எதுக்கும் ஒருக்கா பாத்துக்கலாமுங்க" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். ஒரு மாலையில் அதை ஆறு தடவை சொன்னதை எண்ணியிருக்கிறேன். குழுவில் இருந்த பதினான்கு பெண்களும் அவருக்கு வைத்திருந்த பெயர் செக்போஸ்ட் அக்கா.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். வேடசந்தூரில் ஒரு நூற்பாலையின் தரச் சோதனை அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை நூல் அறுந்தது என்று எண்ணுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. கோயிலில் மின்விசிறி பதினான்கு, ஓடுவது பதினொன்று. பாதிரியாரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். என் மகளும் அவள் மகள் பிரின்சியும் என்னோடுதான் இருந்தார்கள். பிரின்சி அப்போது பிளஸ் டூ. கபடியில் லெஃப்ட் கார்னர், அதாவது பாடி வருகிற எதிரணிப் பெண்ணின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிற ஆள். பாய்கிறவள் தலையும் ஓடுகிறவள் முழங்காலும் ஒரே உயரத்தில் இருக்கும். அதை நினைத்து நான் கவலைப்படாத நாள் இல்லை. அதனால்தான் தினமும் அவளுக்குத் துணையாகப் போய் அந்த அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஆட்டப் பருவம் தொடங்கும்போது அந்த அம்மா ஒவ்வொரு பெண்ணையும் நிற்க வைத்துச் சோதிப்பார். கண்ணை மூடி, இடுப்பில் கை வைத்து, இருபது நொடி அசையாமல் நிற்க வேண்டும். முதலில் இரண்டு காலையும் சேர்த்து, பிறகு ஒற்றைக் காலில், பிறகு ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து. வெறும் தரையில் ஒரு முறை, மெத்தென்ற தக்கைப் பலகை மேல் ஒரு முறை. கண் திறந்தால் ஒரு பிழை, கை இடுப்பை விட்டால் ஒரு பிழை, கால் தடுமாறினால் ஒரு பிழை. அது முடிந்ததும் நாடாவின் மேல் குதிகாலும் விரலும் தொட நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். அந்த எண்களை எழுதி வைத்துக்கொள்வார். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி சோதித்து, பழைய எண்ணுக்குத் திரும்பினால்தான் ஆட விடுவார்.

முதல் நாள் நான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் விரல்கள் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்கய்யா, என்னத்தைங்க எண்றீங்க?"

"அந்தப் புள்ள பண்ணுன தப்ப."

"எத்தனைங்க?"

"ஒம்பது."

அவர் தன் தாளைப் பார்த்தார். ஏழு என்று எழுதியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் என்னை வெளியே உட்காரச் சொல்லியிருப்பார்கள். அவர் ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நான் பாத்தா நான் நெனச்சதைத்தானுங்க பாப்பேன். நீங்களும் எழுதுங்க. எங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க, மடிச்சுக் குடுங்க." அன்றிலிருந்து இரண்டு சீட்டு. இரண்டும் ஒத்துப்போனால் எண்ணை ஏற்றுக்கொள்வார். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பெண் மறுபடி நிற்க வேண்டும். பெண்கள் என்னையும் முறைக்கத் தொடங்கினார்கள். என்னைச் சோதிக்கத்தான் இந்த ஏற்பாடோ என்று எனக்கும் பல நாள் சந்தேகம் இருந்தது.

அவர் யாருடைய பதிலையும் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார். "தலைவலி இருக்குதுங்களா கண்ணு?" என்று கேட்பார். "இல்லக்கா" என்று அந்தப் பெண் சொன்னால், "இல்லைன்னு இத்தன வேகமாச் சொல்றீங்களே" என்பார். நாடாவில் நடக்கும்போது கூடவே மாதங்களின் பெயரைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். மனம் வேறொரு வேலையில் இருக்கும்போதுதான் காலின் குட்டு வெளிப்படும் என்பது அவர் கணக்கு. பெண்கள் டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். அவர் பங்குனியிலிருந்து சொல்லச் சொன்னார். இரண்டே வாரத்தில் பங்குனி, மாசி, தை என்று அதையும் பாட்டாகப் பாடினார்கள். அவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். ஒருத்தி அழுதேவிட்டாள், அடிபட்டு அல்ல, கணக்கு வராமல்.

ஆனால் அந்த முதல் நாள் சோதனையிலேயே ஒரு மோசடி இருந்தது. அந்த அறையில் அது அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மூத்த பெண்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். "மொத நாளு நல்லா தள்ளாடி நில்லு. பின்னால அடிபட்டாலும் பாஸாயிரலாம்." மழைக்காலத்துக்கு முன் அரிசி வாங்கி வைப்பது போல, அது அவர்களுக்கு ஒரு முன்னேற்பாடு. பிரின்சியின் மொத்தப் பிழை இருபத்தொன்று என்று என் சீட்டில் எழுதினேன். அவருடைய சீட்டிலும் இருபத்தொன்று. இதே பிரின்சி வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஒற்றைக் காலில் நின்று பரண் டப்பாவை எடுப்பாள், நாற்காலிகூட அசையாது. எனக்கு அது தெரியும். ஆனால் அந்தச் சீட்டில் அதற்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று அந்த அம்மா தாள்களை அடுக்கிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலு புள்ளைங்களும் இத்தன தள்ளாடுனா, இவங்க எப்படிங்கய்யா களத்துல நிக்கறாங்க?" என்றார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

தை மாதம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு போட்டி. வெயில் சாயாத நேரம். பிரின்சி பாய்ந்தாள், எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் இடது பொட்டில் இறங்கியது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் அவள் எழுந்தாள். எழுந்தவள் எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஓய்வு எடுக்கட்டும், பிசியோ சோதித்து எழுதிக் கொடுத்தால் ஆடலாம் என்று எழுதினார்கள்.

அடிபட்ட நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் மாநில அணிக்கான தேர்வு. அந்த அணிக்குள் போய்விட்டால் சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் உறுதி என்று பேச்சு. பிரின்சியின் மதிப்பெண்ணுக்கு வேறு வழியில் அந்த வாசலை மிதிக்க முடியாது. என் மகள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அதற்காக மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சோதனை நடந்தது. பிரின்சியின் பிழைகள் இருபது. பழைய எண் இருபத்தொன்று. நாடா நடையிலும் அரை நொடிதான் வித்தியாசம். எங்கள் இரண்டு சீட்டும் ஒத்துப்போயின. தாளில் பார்த்தால் அவள் அடிபட்டதற்கு முன்பைவிடத் தேவலை.

"அப்ப கையெழுத்துப் போடுங்கக்கா" என்றாள் பிரின்சி.

"போடலாமுங்க கண்ணு. நாளான்னைக்கு ஒருக்கா பாத்துக்கலாமுங்க."

நாளான்னைக்கும் அதையேதான் சொன்னார். குழுவின் பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, நாங்கெல்லாம் மண்ட ஒடஞ்சு கட்டுப் போட்டு அன்னைக்கே ஆடுனவய்ங்க. இந்தம்மா ஏன் இழுக்குதுன்னு யோசிச்சீகளா?"

"ஏன்?"

"ஊரு பழனிப் பக்கம்ல. ஒட்டன்சத்திரத்துல ஒரு லெஃப்ட் கார்னர் இருக்கு. நம்ம புள்ள போகலேன்னா அது போகும். நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கணக்குத் தெரிஞ்ச ஆளு."

அவர் ஒன்றும் சொல்லாமல் சொன்னது என் மூளைக்குள் புகுந்துகொண்டது. அதற்கேற்ற மாதிரி அன்று மாலையே பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பிரின்சி தன் சிநேகிதியோடு பேசிக்கொண்டு போகிறாள். இருபது அடி பின்னால் இவர். மறுநாள் கோயில் வாசலில். அன்று சாயங்காலமே மார்க்கெட்டில், வாழைத்தார்களுக்கு இந்தப் பக்கம். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். இரண்டு நாளில் மூன்று தடவை. இது தற்செயல் அல்ல என்பதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

நேரே போய்க் கேட்டுவிட்டேன். "எம் பேத்தி பின்னாடி எதுக்கு வாறீக? யாரு சொல்லி வாறீக?"

அவர் பதறவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு கொய்யாவை எடுத்து முகர்ந்து பார்த்து, நம்பாமல் திருப்பி வைத்தார். "எங்கிட்ட நடக்கறப்போ நல்லாத்தானுங்க நடக்குது. நான் பாக்கறேன்னு அதுக்குத் தெரியுமில்லைங்களா. தெருவுல எப்படி நடக்குதுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

"பாத்தீகள்ல. எப்படி நடக்குறா?"

"அதுதானுங்க எனக்குத் தெரியல. முன்னாடி தெருவுல எப்படி நடந்துச்சுன்னு நான் பாத்ததில்லைங்களே. ரூமுல எடுத்த பழைய கணக்கை நான் நம்பலைங்க." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க நம்பறீங்களா?"

நான் வாழைத்தாரில் சீப்பு எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு.

"உங்க வீட்டுலருந்து எங்கயாச்சும் அது தெனமும் நடக்கற எடம் இருக்குதுங்களா? நீங்க எண்ணியிருப்பீங்களே" என்றார்.

எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டு கேட்டிலிருந்து தெருமுனைப் பால் பூத்துக்கு என் கணக்கில் நூற்று நாற்பத்தாறு காலடி. காலையில் மைதானத்துக்குப் போகிற பிரின்சி அந்த பூத் வரை எனக்கு முன்னால்தான் போவாள். அவளுக்கு நூற்றுப் பதினெட்டு. போனில் வாயடித்துக்கொண்டே போனாலும் பதினெட்டு, கூடினால் பத்தொன்பது. மூன்று வருஷத்துக் கணக்கு அது. அதில் அவள் வேண்டுமென்று தள்ளாடவில்லை. நான் எண்ணுவதே அவளுக்குத் தெரியாது.

"தெரியல" என்றேன். "நம்பறனுங்க" என்றார் அவர்.

அடுத்த இரண்டு நாள் காலையிலும், போகையிலும் வருகையிலும் பிரின்சிக்குப் பின்னால் நடந்தேன். பேசாமல் நடந்தால் நூற்று இருபது, இருபத்தொன்று. பரவாயில்லை. போனில் பேச ஆரம்பித்தால் காலடி குறுகிவிடுகிறது: நூற்று முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. வலது கை விரல் நுனி வழிநெடுகச் சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. முன்பெல்லாம் நடையை விடாமல் திரும்பிப் பார்ப்பாள். இப்போது முழுக்க நின்று, பிறகுதான் தலையைத் திருப்பினாள். "தலை எப்படிம்மா இருக்கு?" என்றேன். "சூப்பரா இருக்கு தாத்தா" என்றாள். அவள் வேகமாகத்தான் சொன்னாள்.

பதினேழாம் நாள் கடைசிச் சோதனை. மகள் வந்திருந்தாள், மாஸ்டர் வந்திருந்தார். பிரின்சி நின்றாள், நடந்தாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்தாள். இருபது பிழை. நான் சீட்டில் இருபது என்று எழுதினேன். அதோடு மடித்துக் கொடுத்திருக்கலாம். பென்சில் கையில் இருந்தது. அதன் கீழே '118. இப்போது பேசினால் 139. சுவரைப் பிடிக்கிறாள்' என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஓடுகிற முழங்காலின் முன்னால் அவள் பாய வேண்டியிருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா படித்தார். என்னைப் பார்க்கவில்லை. சீட்டை நான்காக, எட்டாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டார். படிவத்தில் 'இப்போது ஆட வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன காரணம்?" என்றார் மாஸ்டர். "நம்பர் சரியா இருக்குல்ல?"

"நடை சரியில்லைங்க. தெருவுல நான் பாத்தனுங்க."

"பின்னாடியே வந்து வேவு பாத்தீங்களா?" என்றாள் பிரின்சி.

"ஆமாங்க கண்ணு."

"எங்கள மாதிரி ஒரு நாளாவது ஆடியிருக்கீங்களா நீங்க? யாரையும் நம்பாம, எல்லாரும் திருடின்னு பாக்குறதுதான் வேலையா?"

"ஆமாங்க."

மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எம்புள்ள பொழப்புல மண்ணப் போட்டீகளே. ஒங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்தா இப்படிச் செய்வீகளா?"

அவர் படிவத்தை மாஸ்டர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. நான்கு இடைவெளி. நான்கிலும் நான் பேசியிருக்கலாம். நான் எனக்கு முன்னால் இருந்த தக்கைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு ஒட்டன்சத்திரத்துப் பெண் போனாள். மாஸ்டர் குழு நிர்வாகத்திடம் புகார் எழுதிக் கொடுத்தார். என் மகளும் அதில் கையெழுத்துப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் அந்த அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவியைக் கொடுக்க வந்த அன்று அவரைத் தனியாகப் பார்த்தேன். தரையிலிருந்த நாடாவை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சீட்ட ஏன் கிழிச்சீக?" என்றேன்.

"அந்தப் புள்ள உங்ககூட ஒரே வீட்டுல இருக்கோணுமுங்க. எங்கூட இல்லைங்களே." நாடாவை உருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். "அப்புறம், நான் கேட்டா நீங்க எல்லாரு முன்னாடியும் சொல்லுவீங்கன்னு நான் நம்பலைங்க."

அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள், பழனியிலேயே இருப்பதாகச் சிலர். நான் விசாரிக்கவில்லை. அந்த அம்மா தெருவில் ஸ்டாப்வாட்ச் வைத்து எதையாவது கண்டிருப்பார், என் சீட்டு இல்லாமலேயே அப்படித்தான் எழுதியிருப்பார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றுவரை அதை நான் முழுக்க நம்பவில்லை. அவர் செய்தது சரிதானா என்பதற்கும் சாட்சி இல்லை. பிரின்சி அன்று ஆடியிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆறாவது வாரத்தில் அவள் நடை நூற்றுப் பதினெட்டுக்குத் திரும்பியது. விரல் சுவரை விட்டது. அடுத்த வருஷம் அணித் தேர்வில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. உள்ளூரில் படித்தாள்.

இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். அவள் பள்ளியில் ஒரு பெண் கோகோ ஆடும்போது கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாளாம். பத்து நாள் ஆகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, நடையும் நிதானமும் சரியானால் விளையாடலாம் என்றிருக்கிறார். பிரின்சி அந்தப் பெண்ணை நிற்க வைத்து, நேர்க்கோட்டில் நடக்க வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"எல்லாம் கரெக்டாத்தான் செய்றா தாத்தா. ஆனா நானுங்கூட அன்னைக்கு எல்லாங் கரெக்டாத்தான செஞ்சேன். செக்போஸ்ட் அக்கா எத வச்சுக் கண்டுபிடிச்சாங்க? எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

"அது யாரையும் நம்பாத பொம்பள" என்றேன். "எதையாவது பாத்துருக்கும்."

"ஆமா, அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தாள். அவள் என்னை நம்பிவிட்டாள். "சரி, நாளைக்கு அந்தப் புள்ளய எறக்கிர வேண்டியதுதான். அவுக அம்மா தெனமும் போன் போட்டுக் கேக்குது" என்றாள்.

வாசலில் வண்டியை உதைத்துக் கிளப்பினாள். நான் கைத்தடியை எடுக்காமல் எழுந்து போனேன்.

"பிரின்சி, செத்த நேரம் வண்டிய அமத்து."

"என்ன தாத்தா?"

"அந்தம்மா பாக்கல. நான் எண்ணிக் குடுத்தேன்."